தீவுக் கோச்சி

என்னோடு ஒரே காலத்தில் இந்த ஊரில் பள்ளிக்கூடம் போனவர்களே, உங்களுக்கும் இப்போது தலைக்கு மை தேவைப்படும் என்று நினைக்கிறேன். போன மாதம் ஒரு கலியாண வீட்டில் நம் வயதுக்காரர் சிலர் ஒரே மேசையில் அகப்பட்டுக்கொண்டோம். பிள்ளைகளின் படிப்பு, மோட்கேஜ், முழங்கால் நோவு எல்லாம் பேசி முடிந்த பிறகு, தொண்ணூறுகளில் ஓடிய அந்தப் பழைய ரயில்கள் ஞாபகம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். எல்லோருக்கும் இருந்தது. ஆளுக்கொரு கதை சொல்லிச் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. என்னிடம் இருந்த கதை கலியாண வீட்டுக்கு ஏற்றதல்ல. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ரயில்களைச் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு மின்சார ரயிலில் கைபேசியைப் பார்த்தபடி போகிற நம் பிள்ளைகள் இதை நம்பப்போவதில்லை. அவை டீசலில் ஓடியவை. அவுஸ்திரேலியாவில் ஓடித் தேய்ந்து, அங்கே வேண்டாம் என்று கழித்ததை இங்கே வாங்கிப் போட்டிருந்தார்கள். நிலையத்தில் நிற்கும்போது இருக்கை நடுங்கும். யன்னல் கண்ணாடியில் தலை சாய்த்தால் பற்கள் ஒன்றோடொன்று மோதும். மழை நாளில் ஈரக் கம்பளியும் டீசலும் சேர்ந்த மணம் ஒன்று இருக்கும்; அதை மறுபடி எங்கும் நான் முகர்ந்ததில்லை. கார்ட் இடுப்பில் தோல்பையோடு வந்து கையிலேயே ரிக்கற் தருவார். நகரத்து ரயில் நிலையம் அரண்மனை அளவு பெரியது, ஆனால் உள்ளே நடந்தால் நம் செருப்புச் சத்தம்தான் நமக்குக் கேட்கும். பெட்டிகளில் பாதி எப்போதும் காலி. கார் இல்லாதவர்கள், லைசன்ஸ் பறிபோனவர்கள், பள்ளிப் பிள்ளைகள், பிறகு என் சின்னம்மா.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. அவர் ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பல காலம் இருந்து, அப்பா ஓயாமல் எழுதிப்போட்டதில் விசா கிடைத்து வந்தவர். சித்தப்பா வரவில்லை. சித்தப்பா மீன் வியாபாரி; ஐஸ் பெட்டிகளில் மீனை அடுக்கி, கோச்சியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பவர். எங்கள் ஊரில் ரயிலுக்குப் பெயர் கோச்சி. புகையிரதம் என்பது ரேடியோவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்தான். ஒரு நாள் சித்தப்பா பெட்டிகளோடு கோச்சி ஏறினார். சண்டை தொடங்கியது. கோச்சியும் நின்றுபோனது, சித்தப்பாவும் திரும்பவில்லை. இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒரு சனம் இல்லை. சின்னம்மா தாலியைக் கழற்றவுமில்லை, அவருடைய ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்கொடுக்க விடவுமில்லை.

பெரியவர்களுக்கு இது போதும். மிச்சக் கதையை அவர்களே எழுதி முடித்துவிட்டார்கள்.

அந்த வருட நத்தார்ப் பண்டிகையை ஒட்டி வந்த கோடை விடுமுறையில் சின்னம்மாவை நகரத்தில் நடந்த ஆங்கில வகுப்பு ஒன்றுக்கு அனுப்பினார்கள். துணைக்கு நான். துணை என்றால், நான் அவருக்கா, அவர் எனக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஆங்கிலத்தில் கேட்பேன், அவர் தமிழில் பதில் சொல்வார், இருவருக்கும் முக்கால்வாசி விளங்கும். பென்ரோஸ் வரை பஸ், அங்கிருந்து ரயில். முதல் நாள் வகுப்பு முடிந்து திரும்பும்போது, பென்ரோஸில் நான் எழுந்தேன், அவர் எழவில்லை.

“இது இன்னும் எவ்வளவு தூரம் போகும்?” என்று கேட்டார்.

பாப்பக்குரா வரை என்றேன்.

“அப்ப கடைசி மட்டும் போய்ப் பாத்திட்டு வருவம்.”

அப்படித்தான் தொடங்கியது. வகுப்பு வாரத்தில் இரண்டு நாள் என்றால், நாங்கள் ரயிலில் இருந்தது நாலு நாள். சின்னம்மா ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்ப்பார். திறக்கக்கூடிய யன்னல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேடுவார். கிடைத்ததும் போய் அமர்ந்து, முகத்தைக் காற்றில் கொடுத்துவிடுவார். ரயில் எப்போதும் வீடுகளின் பின்பக்கத்தைத்தான் காட்டும், உங்களுக்கு நினைவிருக்கும். உடுப்புக் கொடி, உடைந்த சைக்கிள், நாய்க்கூடு, யாரும் பிடுங்காத எலுமிச்சம்பழம்.

“முன்பக்கம்தான் பிள்ளை ஆளுக்கொரு மாதிரி,” என்பார். “கோடிப்பக்கம் எல்லாற்றையும் ஒண்டுதான்.”

இந்தப் பெட்டிகள் அவுஸ்திரேலியாவில் வேண்டாம் என்று விட்டவை என்று அப்பா ஒரு நாள் சாப்பாட்டின்போது சொன்னார். அப்பா குளிரூட்டி திருத்துபவர். ஊரில் ஐஸ் தொழிற்சாலையில் பழகிய தொழில். எந்த இயந்திரத்தின் பூர்வீகமும் அவருக்குத் தெரிந்திருக்கும். சின்னம்மா கேட்டுவிட்டு, “அப்ப இதுவும் அகதியாத்தான் வந்திருக்குது,” என்றார். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. சோற்றைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டார்.

ஊர்க் கோச்சியும் இப்படித்தான் இருக்குமா என்று ஒரு நாள் ரயிலில் கேட்டேன்.

“தெரியாது பிள்ளை. நான் ஏறினதில்லை.”

“ஒருநாளும்?”

“ஒருநாளும். உன்ர சித்தப்பாதான் ஏறுவார். நான் பெட்டி ஏத்திவிட்டுப்போட்டு, சீலையால ஐஸ் தண்ணி வடிய வடிய நிண்டு பாக்கிறது. உள்ளுக்கை இருக்கிற சனம் எல்லாம் வெளியால பாத்துக்கொண்டு போவினம். அப்பிடி என்னத்தைத்தான் பாக்கினமெண்டு எனக்குப் பெரிய யோசினை.”

சொல்லிவிட்டு மறுபடி வெளியே பார்த்தார். இராமேஸ்வரத்திலிருந்து முகாமுக்குப் போனதும், முகாமிலிருந்து விமான நிலையத்துக்குப் போனதும் வான் வண்டியில்தானாம். ஆக, ஐஸ் தண்ணீரில் நின்று வருடக்கணக்காய்ப் பார்த்த ஒன்றில் அவர் முதன்முதலாக ஏறியது பென்ரோஸில்தான். இதை அவர் வீட்டில் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

வீட்டில் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. செபக்கூட்டத்துக்கு வருகிற பெண் ஒருவர் சின்னம்மாவை நிலையத்தில் கண்டிருக்கிறார். “பாவம், ஒவ்வொரு பெட்டியா எட்டி எட்டிப் பாக்கிறா. புருசனைத் தேடுறா போல,” என்று அம்மாவிடம் வந்து சொன்னார். அம்மாவுக்கு அது நெஞ்சில் அப்படியே ஒட்டிக்கொண்டது. சின்னம்மா காற்றில் சிவந்த கண்களோடு வீட்டுக்கு வந்தால், அழுதுவிட்டு வருகிறார் என்று நினைப்பார். புருசன் காணாமல் போன ஒரு பெண் ரயிலில் ஏறிச் சந்தோசமாக இருப்பாள் என்று நினைக்க அந்தக் காலத்துப் பெரியவர்களுக்கு வழி இருக்கவில்லை. எங்களுக்கு மட்டும் இருக்கிறதா என்ன?

நத்தார் முடிந்து, கோவில் ஆட்கள் வைஹெக்கே தீவுக்கு ஒரு நாள் சுற்றுலா போனார்கள். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை, அப்பாவுக்கும் லீவு இல்லை. நானும் சின்னம்மாவும் போனோம். அதற்கு முந்தின ஞாயிறு பூசை முடிய, ஒழுங்கு செய்தவர் எழும்பி, “படகால இறங்கினவுடன எங்களை ஏத்திக்கொண்டு போக கோச் வந்து நிக்கும்,” என்று அறிவித்தார். சின்னம்மா என் கையைப் பிடித்து நசுக்கினார்.

“தீவிலயும் கோச்சியோ!”

சுற்றுலா நாளன்று கிளிப்பச்சைச் சேலை கட்டினார். மீன் கட்லட் பொரித்து, கோச்சிப் பயணத்துக்கென்று வட்டத் தகரப் பெட்டி ஒன்றில் அடுக்கினார். படகில் முழு நேரமும் மன்னார்த் தீவைப் பற்றிக் கதைத்தார். கடல்மேல் பாலம், பாலத்தின்மேல் கோச்சி, தீவுக்குள் வந்ததும் தண்டவாளத்தில் மறித்து நிற்கும் கழுதைகள், கூவிக் கூவிக் களைத்துப்போய்க் கடைசியில் சாரதி இறங்கி வந்து துரத்துவது. “இஞ்சையும் கழுதை இருக்குமோ?” என்று கேட்டார். படகால் இறங்கியதும் எல்லோரும் மலையையும் கடலையும் பார்த்தார்கள். சின்னம்மா குனிந்து நிலத்தைப் பார்த்தார்.

“தண்டவாளம் எங்க?”

ஒழுங்கு செய்தவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அக்கா, கோச் எண்டால் பஸ்! கோச்சி இல்லை!” வந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது. நான் பயந்து சின்னம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவரும் சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க. வந்த நாளிலிருந்து அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

“சரி, அப்ப இதுதான் இந்தத் தீவுக் கோச்சி,” என்று சொல்லி முதல் ஆளாக ஏறினார்.

அந்த பஸ்ஸை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அங்கே நின்ற எங்களில் பாதிப் பேரைவிட மூத்தது. உருண்டை மூக்கு, பால் நிறமும் பச்சையும் பூசிய உடம்பு, ஒட்டுப்போட்ட தோல் இருக்கைகள். இயந்திரம் சாரதிக்குப் பக்கத்திலேயே ஒரு மூடிக்குள் இருந்தது. கை வைத்தால் அடுப்புச் சூடு. இறங்க வேண்டுமென்றால் கூரையோடு போகிற கயிற்றை இழுக்க வேண்டும், முன்னால் மணி ஒன்று அடிக்கும். மேட்டில் ஏறும்போது அது முனகுகிற முனகலில் நாங்கள் எல்லோரும் முன்னுக்குச் சாய்ந்து தள்ளினோம். காலத்துக்கும் அரைக்காற்சட்டையும் நீளக் காலுறையும் போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர்தான் சாரதி. இப்படி இரண்டு பஸ்கள் அவருக்குச் சொந்தம். மனைவி ரிக்கற் கொடுத்து, கழுவித் துடைத்து, கூடவே ஓடியவராம்; அந்த வருடம்தான் இறந்துபோனார். சாரதி ஒருநாளும் பஸ் என்று சொல்ல மாட்டார். ‘என் கிழட்டுக் கோச்’ என்பார். நானும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு சனிக்கிழமை தோறும் அங்கேதான் போனோம். ரயிலில் நகரம், அந்தப் பெரிய வெறும் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நடை, பிறகு படகு, பிறகு கோச்சி. பஸ் அடுத்த படகுக்காகக் காத்து நிற்கும்போது, ஒருவரும் கேட்காமலே சின்னம்மா யன்னல்களைத் துடைக்கத் தொடங்கினார். மூன்றாம் முறை சாரதி தன் மனைவியின் ரிக்கற் பையை எடுத்து அவர் தோளில் போட்டுவிட்டார். ஆங்கில வகுப்பில் வராத ஆங்கிலம் அந்த பஸ்ஸில் வந்தது. “ரிக்கற் பிளீஸ், மைன்ட் யோ ஹெட்,” என்று இருக்கை இருக்கையாகப் போவார். தீவுச் சனங்களும் அவருக்குக் கையாட்டத் தொடங்கினார்கள். யாரும் அங்கே அவரைப் பாவம் என்று பார்க்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் தெரியாது.

வீட்டில் அம்மா, “எங்க போட்டு வாறீங்கள்?” என்று கேட்டால், சின்னம்மா, “கோச்சியில,” என்பார். அம்மா அதற்கு மேல் கேட்க மாட்டார்.

விடுமுறை முடிகிற சமயத்தில் சாரதி எங்களை இருத்திக் கதைத்தார். தனியாக இனி ஏலாது. தெற்கில் ஒருவர் இரண்டு பஸ்ஸையும் விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்த அம்மா திங்கட்கிழமை முதல் வந்து முழுநேரமாக நின்றால் விற்கமாட்டேன், என் தமக்கை வீட்டில் ஓர் அறை இருக்கிறது, அங்கே தங்கலாம். வராவிட்டால் விற்றுவிடுவேன், குறை நினைக்க மாட்டேன். நான் தமிழில் சொன்னேன். சின்னம்மா, “திருப்பிச் சொல்லு,” என்றார். திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகு படகு வந்து சேரும்வரை சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேசையில் இருந்தேன்.

“அக்கா, நான் முடிவெடுத்திட்டன்,” என்றார் சின்னம்மா.

“என்னத்தை?”

“திங்கட்கிழமை விடிய நான் கோச்சியோட போயிடுவன். இனி உங்களுக்கு நான் பாரமா இருக்க மாட்டன்.”

அம்மாவின் கத்தி நின்றது. தண்டவாளத்தில் போய் விழுந்தவர்களைப் பற்றி எங்கள் ஆட்கள் சொல்வதும் அதே சொல்தான்: கோச்சியோடு போய்விட்டான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. அந்த மாதிரி விடயத்தை வாயால் கேட்டால் அது நடந்துவிடும் என்ற பயம் நம்மவர்களுக்கு உண்டு.

“சாப்பிட்டியோ?” என்று மட்டும் கேட்டார்.

சின்னம்மா அறைக்குப் போனதும் அம்மா வேலியடிக்கு ஓடினார். பக்கத்து வீட்டில் திருச்சியிலிருந்து வந்த நர்ஸ் அக்கா ஒருவர் இருந்தார், நல்ல மனுசி. “அவங்களத் தனியா விடாதீங்க அக்கா,” என்றார் அவர். “நேரா கேட்டுடாதீங்க, கேட்டா பிடிவாதம்தான் வரும். கூடவே இருங்க, எங்கயும் அனுப்பாதீங்க.” வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ நோயாளியைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பா சின்னம்மாவை முன்னறைக்குக் கூப்பிட்டார். கேட்க வேண்டாம் என்றுதான் அவருக்கும் சொல்லப்பட்டது. ஆனால் அப்பாவால் ஒரு பழுதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

“பிள்ளை, அக்கா சொன்னவ. நீ அப்பிடிப் போறதுக்கு நாங்கள் உனக்கு என்ன குறை விட்டனாங்கள்?”

“ஒரு குறையும் இல்லை அத்தான். எனக்கு ஆசையாக் கிடக்கு.”

“ஆசையோ? இதுக்கும் ஒரு மனிசர் ஆசைப்படுவினமோ?”

“ஏன் அத்தான், இந்த நாட்டில பொம்பிளையளும் செய்யினம்தானே.”

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஊர்ச் சனம் என்ன சொல்லும்? இந்தச் சின்னன் உன்னோட எவ்வளவு வாரப்பாடா ஒட்டிக்கொண்டு திரியிறாள், அவளை யோசிச்சியோ?”

“அவளுக்குத் தெரியும் அக்கா. அவள்தானே எல்லாம் கதைச்சுத் தந்தவள். லீவு விட்டால் அவளும் வரலாம்.”

அப்பா வெளிறிப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு ஏன் எல்லோரும் இப்படி நடுங்குகிறார்கள் என்று விளங்கவில்லை. சின்னம்மாவுக்கு உதவ வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. எனக்கு வந்த மொழியில் கத்தினேன்: “இட்ஸ் ஒன்லி த கோச்! ஷீ ஜஸ்ட் வோன்ட்ஸ் த கோச்!”

“பாத்தீங்களோ,” என்று அம்மா விக்கினார். “குழந்தைப் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு. கோச்சிதானாம்.”

இப்படி நடக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நடந்தது. ஒரு சொல் ஆங்கிலத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்து, ரயிலாக மாறி, எங்களோடு கடல் கடந்து, மறுபடி ஆங்கிலத்துக்குள் வந்து சேர்ந்த இடத்தில் இந்தக் கூத்து நடந்தது. நாலு பேரும் ஒரே விடயத்தைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நாலு பேரும் நினைத்தோம்.

“நான் உயிரோட இருக்கிற மட்டும் விடமாட்டன்,” என்றார் அப்பா. கதை அதோடு முடிந்தது.

தனியாகத் தீவில் போயிருந்து பஸ்ஸில் வேலை செய்யத் தமக்கையும் அத்தானும் விடமாட்டார்கள் என்று சின்னம்மா விளங்கிக்கொண்டார். அவர் இருப்பது அத்தானின் வீடு. எதிர்த்துக் கதைத்துப் பழக்கமில்லை. ஆனாலும் திங்கள் காலை பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, பையோடு முன்னறைக்கு வந்தார். அப்பா வாசலுக்குக் குறுக்கே கதிரை போட்டு, வேலைக்குப் போகாமல், பாண் துண்டு வாட்டுகிற ரோஸ்டர் ஒன்றைக் கழற்றி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா திருகாணியைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். சின்னம்மா உள்ளே போய் வீட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கரட் சீவ உட்கார்ந்தார். அம்மா அவர் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கினார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கத்தி எதுவும் கண்ணில் படவில்லை. குளியலறைக் கதவின் பூட்டை அப்பா கழற்றிவிட்டார். வகுப்புக்கு அம்மா காரில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது சின்னம்மா பகலிலேயே படுத்திருப்பார். சாப்பாடு குறைந்தது. தலை வாரி இழுப்பதையும் விட்டுவிட்டார். “நல்ல காலம், நேரத்தோட கண்டுபிடிச்சம்,” என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டேன். அவர்கள் பயந்த நோயை அவர்களே கொண்டுவந்து அவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அந்த வயதில், சின்னம்மாவுக்கு என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

வெயில் குறைந்து, பிளம் மரம் இலை உதிர்க்கத் தொடங்கிய ஒரு மாலை போன் அடித்தது. அப்பா எடுத்தார். “யெஸ்... யெஸ்...” என்றவர், “கோச்?” என்றார். கொஞ்சம் பொறுத்து மறுபடி, “வட் கோச்?” என்றார். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். சின்னம்மாவின் வட்டத் தகரப் பெட்டி பஸ்ஸில் கிடந்து அகப்பட்டதாகவும், வந்து எடுத்துப்போகலாம் என்றும் சொல்ல, பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த எங்கள் இலக்கத்தைப் பார்த்துச் சாரதி போன் எடுத்திருந்தார். பஸ்ஸை விற்றுவிட்டதையும் சொன்னார். அந்த அம்மா வராதது தனக்குக் கவலை என்றும் சொன்னார். ரிசீவரை வைத்துவிட்டு அப்பா குசினி வாசலில் வந்து நின்றார்.

“பிள்ளை, நீ கோச்சி எண்டு சொன்னது பஸ்ஸையோ?”

“பின்ன? அண்டைக்கு நீங்கள்தானே அத்தான் விடமாட்டன் எண்டனீங்கள்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பேச முயன்றார். “நாங்கள்... நீ கோச்சிக்கு முன்னால போய்... எண்டெல்லோ...” அடுப்போடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டார்.

சின்னம்மா ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கத்தி, குளியலறைப் பூட்டு, வாசலில் கதிரை. முகம் ஒரு முறை கறுத்துத் திரும்பியது.

“சாகிறதெண்டால் மன்னாரிலயே செத்திருப்பனே அக்கா. ஆரும் இவ்வளவு தூரம் வந்து, ரிக்கற் எடுத்து, யன்னல் சீற் பாத்து இருந்து சாவினமோ?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“நான் அவரைத் தேடிப் போகவுமில்லை,” என்றார் அப்பாவிடம். “எனக்குக் கோச்சியில போக விருப்பம். அவ்வளவுதான்.”

அவர்கள் செய்தது அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அன்றைய அம்மாவைவிட இன்றைக்கு எனக்கு வயது கூட. பிள்ளையின் குரல் கொஞ்சம் தளர்ந்தாலே நானும் மிச்சக் கதையை நானே எழுதிவிடுகிறேன். ஆனாலும் கேட்டிருக்கலாம். ‘எந்தக் கோச்சி?’ என்று ஒரே ஒரு கேள்வி. நினைக்க இன்றைக்கும் மனம் பொறுக்குதில்லை.

சின்னம்மா பிறகு புக்கெகோஹியில் வெங்காயம் தரம்பிரிக்கும் கொட்டகை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். அங்கே வேலை செய்த ஒருவரின் வான் வண்டியில் போய் வந்தார். ரயிலில் அவர் மறுபடி ஏறி நான் பார்க்கவில்லை. கேட்டால், “பாத்தது காணும், போதும்,” என்பார். வெகுகாலம் கழித்து ஊரில் தண்டவாளம் திருத்தி, தலைமன்னார் வரை கோச்சி ஓடத் தொடங்கிய செய்தி வந்தபோது, படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லது,” என்று திருப்பிக் கொடுத்தார். அவர் அந்த பஸ்ஸில் எனக்குக் கொடுத்த ரிக்கற்றுகளை நான் ஒரு சப்பாத்துப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தேன். கிளென்ஃபீல்டுக்கு வீடு மாறியபோது அதுவும் எங்கோ போயிற்று.

போன் வந்த அந்த வாரமே, சனிக்கிழமை, நாங்கள் நாலு பேரும் தீவுக்குப் போனோம். அப்பா கழுத்தில் ரை கட்டியிருந்தார். அம்மா கேக் ஒன்று செய்து மடியில் வைத்திருந்தார். சாரதி சின்னக் கார் ஒன்றில் வந்து எங்களை ஏற்றித் தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்வெளிக்குக் கூட்டிப்போனார். இரண்டில் நல்ல பஸ் தெற்குக்குப் போய்விட்டது. எங்கள் பஸ் மரத்தடியில் நின்றது, புல் சில்லின் பாதிக்கு வந்திருந்தது. சாரதி தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கழுவி, உள்ளே தமக்கை செய்த பிஸ்கட் வைத்திருந்தார். பிறகு எங்களைத் தனியே விட்டுவிட்டு உள்ளே போனார்.

எந்த இயந்திரத்தைக் கண்டாலும் செய்வதுபோல அப்பா பஸ்ஸைச் சுற்றி வந்து, கதவால் எட்டி, சாரதி இருக்கைக்குப் பக்கத்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. மற்ற பஸ்ஸுக்கு உதிரியாகக் கழற்றிக் கொடுத்தாகிவிட்டது. அந்த வெறும் இடத்தை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். “எஞ்சின் இல்லை,” என்று அம்மாவிடம் சொன்னார்.

சின்னம்மா ஏறி, வழக்கமான முன் இருக்கையில் போய் இருந்தார். சேலைத் தலைப்பால் யன்னலைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தார். அம்மா பின்னால் ஏறினார். அப்பாவும் ஏறி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்து, சின்னம்மா எதைப் பார்க்கிறார் என்று குனிந்து பார்த்தார். புல்லும் ஒரு வேலியும்தான் இருந்தன. அப்பா தன் வாழ்நாளில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. குழந்தையோடு விளையாடுகிற குரலில், கையை நீட்டி, “எங்க பிள்ளை, எனக்கொரு ரிக்கற் தா. இந்தக் கோச்சி எங்க போகுது?” என்று கேட்டார்.

சின்னம்மா திரும்பி அந்தக் கையைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அவர் முகத்தில்.

“இது இனி எங்கயும் போகாது அத்தான்,” என்றார். “இறங்குங்கோ, படகுக்கு நேரமாச்சு.”